ஸ்கூபா கேமராவுக்கு வீட்டிலேயே ட்ரே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைவ் படகில் என் கேமராவைப் பார்ப்பவர்கள் கேமராவைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அதன் அடியில் இருக்கும் வெள்ளைப் பலகையைத் தட்டிப் பார்த்து, “இது எங்கே வாங்கியது?” என்கிறார்கள். பாத்திரக் கடையில் என்று சொன்னால் நம்புவதில்லை. அது காய் நறுக்கும் பலகைதான். புதுச்சேரியிலும் அந்தமானிலும் சில ஆண்டுகளாக அதோடுதான் கடலில் இறங்குகிறேன். அதற்கு முன் செய்த ஒன்று உடைந்துபோனது. பின்னால் அலுமினியத்தில் ஒன்று செய்தேன். இந்த மூன்றையும் செய்தபோது கற்றதும், படகில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதும் கீழே இருக்கின்றன. என் கேமரா ஒலிம்பஸ் டிஜி-6. 45 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஹவுசிங்குக்குள், அதாவது தண்ணீர் புகாத கெட்டி உறைக்குள் இருக்கிறது. அளவுகளை உங்கள் கேமராவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ட்ரே என்றால் என்ன? அது இல்லாமல் படம் எடுக்க முடியாதா?

எடுக்கலாம். ட்ரே என்பது ஹவுசிங்கின் அடியில் திருகி மாட்டும் ஒரு பட்டை, அவ்வளவுதான். அதன் இரு முனைகளிலும் கைப்பிடி நிற்கும். கைப்பிடியின் தலையில் விளக்கு உட்காரும். சின்னக் கேமராவை ஒரு கையால் பிடித்தால் மூச்சு விடும்போதெல்லாம் படம் ஆடும். இரண்டு கைகளையும் அகட்டிப் பிடித்தால் ஆட்டம் அடங்கிவிடும். வீடியோ எடுப்பவர்களுக்கு முதல் நாளிலேயே வித்தியாசம் தெரியும்.

ஆனால் ட்ரேயின் உண்மையான வேலை விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளி வைப்பதுதான். கடலுக்குள் சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடுகிறது. அதனால் விளக்கு தேவை. அந்த விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால், இடையில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று ஒளியைத் திருப்பி அனுப்பும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். மார்கழி அதிகாலையில் பனிமூட்டத்துக்குள் ஹைபீம் போட்டு ஓட்டியவர்களுக்கு இது புரியும். எதிரே சாலை தெரியாது, வெள்ளைச் சுவர்தான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் லென்ஸுக்கு நேர் முன்னால் இருக்கும் தண்ணீர் இருட்டாகவே இருக்கும். மீன் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும்.

கடையில் கிடைக்கும்போது ஏன் மெனக்கெட வேண்டும்?

பணம் இருந்து, நேரம் இல்லாவிட்டால் வாங்கிவிடுங்கள். நான் செய்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டும் அல்ல. நண்பர் ஒருவரின் ட்ரேயை இரவல் வாங்கி இறங்கியபோது என் கட்டைவிரல் ஷட்டர் பொத்தானுக்கு எட்டவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கைப்பிடியை விட்டு, படம் எடுத்து, மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. அது யாரோ ஒருவரின் கைக்கு ஏற்ற அளவு. என் கை சிறியது.

எந்தப் பொருளில் செய்வது நல்லது?

முதல் ட்ரேயைக் காய் நறுக்கும் பலகையில் செய்யுங்கள். கடையில் வெள்ளையாக, கனமாக, மெழுகுபோல வழுவழுவென்று இருக்கும் பிளாஸ்டிக் பலகை பெரும்பாலும் எச்.டி.பி.இ. என்ற வகை. உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆக்சா பிளேடால் அறுபடும், கை ட்ரில்லில் துளை விழும், விளிம்பை அரத்தால் உருட்டிவிடலாம். தவறான இடத்தில் துளை போட்டுவிட்டால் பக்கத்தில் இன்னொன்று போடலாம். 12 மி.மீ. கனம் இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் வளையும். அதற்கும் குறைகள் உண்டு. சாதாரணப் பசை எதுவும் அதில் ஒட்டாது. அதிலேயே மரை போட்டால் நாலு முறை திருகியதும் தேய்ந்துவிடும். எனவே எல்லா இடத்திலும் போல்ட்டை முழுக்க ஊடுருவ விட்டு, மறுபக்கம் நட் போட வேண்டும். அழுத்தத்தில் மெல்ல அமுங்கிக்கொடுக்கும் பொருள் என்பதால் வாஷர் அகலமானதாக இருக்க வேண்டும்.

அக்ரிலிக் பார்க்க அழகு. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். என் முதல் ட்ரே அதுதான். துளை போட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தது போலும். டைவ் முடிந்து, ஏணியில் நின்றபடி கேமராவைப் படகுக்காரரிடம் நீட்டினேன். அவர் ஒரு கைப்பிடியைப் பற்றி இழுத்தார். டப்பென்று ஒரு சத்தம். கைப்பிடி அவர் கையில், மீதி என் கையில். இரண்டு பேருமே விட்டிருந்தால் கதை வேறு. இன்னொன்று: போல்ட் கழலாமல் இருக்க மரையில் விடும் த்ரெட் லாக்கர் திரவம் பட்டாலும் அக்ரிலிக்கில் விரிசல் விழும். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அலுமினியம் உறுதி. காயலான் கடையில் பட்டையாகக் கிடைக்கும். அலுமினிய ஜன்னல் செய்பவர்களிடம் வெட்டுத் துண்டு கேட்டாலும் கொடுப்பார்கள். 6 மி.மீ. கனம் போதும். ஆனால் தவறான இடத்தில் போட்ட துளையை அலுமினியம் மன்னிக்காது. அனோடைஸ் என்ற பாதுகாப்புப் பூச்சு ஏற்றிய பட்டையாக இருந்தாலும், துளை போட்ட இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும். உப்பு அங்கேதான் வேலையைத் தொடங்கும்.

மரம், ஒட்டுப்பலகை, வண்ணம் பூசிய இரும்பு ஆகியவை வேண்டாம்.

அளவை எப்படி முடிவு செய்வது?

அட்டைப் பெட்டியை வெட்டி வைத்துப் பாருங்கள். ஹவுசிங்கை நடுவில் வைத்து, இரு பக்கமும் விரல்கள் நுழைய இடம் விட்டுக் கைப்பிடியின் இடத்தைக் குறியுங்கள். கையுறை போட்டு மூழ்குபவர் என்றால் இப்போதும் கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். என் ஹவுசிங் ஏறத்தாழ 15 செ.மீ. அகலம், ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. இடைவெளி, கைப்பிடிக்கு 3 செ.மீ. ஆக மொத்தம் 29; நான் 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் வைத்தேன். வலது கைப்பிடியைப் பிடித்த நிலையிலேயே விரல் ஷட்டரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் இடைவெளியைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஹவுசிங்கின் கதவும் பூட்டும் ட்ரேயில் இடிக்காமல் திறக்கிறதா என்று அட்டையிலேயே பார்த்துவிடுங்கள். ஆக்‌ஷன் கேமராவுக்கு இரண்டு கைப்பிடி தேவையில்லை என்று நினைப்பவர்கள் 20 செ.மீ. பட்டையில் ஒரு கைப்பிடி மட்டும் வைக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருக்கும்.

கேமராவை ட்ரேயோடு இணைக்க எந்த போல்ட்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் படியுங்கள். ஹவுசிங்கில் தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத்தான் குறை சொல்வோம். ஆனால் அளவு தவறிய ஒரு போல்ட்டும் அந்தக் காரியத்தைச் செய்துவிடும்.

ஹவுசிங்கின் அடியில் இருப்பது ட்ரைபாடுக்கான மரை. கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 சுற்று. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் “இரண்டு நூல் போல்ட்” என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது தச்சர் கணக்கு. இங்கே இரண்டு குழப்பங்கள் உண்டு. கால் அங்குலமும் 6 மி.மீட்டரும் ஏறத்தாழ ஒன்றுதானே என்று கடைக்காரர் எம்6 போல்ட்டைக் கொடுப்பார். அது ஒன்று இரண்டு சுற்று உள்ளே போகும், லேசாக ஆடும், பிறகு இறுகும். இறுகிவிட்டது என்று நீங்கள் நிம்மதி அடையும்போது பிளாஸ்டிக் மரை நாசமாகிக்கொண்டிருக்கும். எம்6-இல் ஒரு சுற்று 1 மி.மீ. நகரும், ட்ரைபாடு மரையில் 1.27 மி.மீ. இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. மற்றது, பழைய விட்வொர்த் வகை இரண்டு நூல் போல்ட். அதிலும் அங்குலத்துக்கு 20 சுற்றுதான். ஆனால் மரையின் கோணம் 55 பாகை. ட்ரைபாடு மரை 60 பாகை. அவசரத்துக்கு உள்ளே போகும், எனினும் விலை உயர்ந்த ஹவுசிங்கில் அதைத் திருக எனக்கு மனம் வரவில்லை. கேமராக் கடையில் ட்ரைபாடு திருகு தனியாகக் கிடைக்கும், அதை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நீளம். ஹவுசிங்கின் துளை மறுபக்கம் திறக்காத துளை. போல்ட் நீளமாக இருந்தால் அடியில் முட்டும்; நீங்கள் மேலும் திருகினால் பிளாஸ்டிக்கை உள்ளிருந்து உடைக்கும். ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் துளைக்குள் விட்டு, விளிம்பில் நகத்தால் அடையாளம் வைத்து அளந்து பாருங்கள். என்னுடையதில் 7 மி.மீ. இருந்தது. அதில் 1 மி.மீட்டராவது கடைசியில் காலியாக இருக்க வேண்டும். ஆக 6 மி.மீட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. பலகை 12, வாஷர் 1.5, நடுவில் வைக்கும் ரப்பர் அமுங்கிய பின் 1 என மொத்தம் 14.5 மி.மீ. ஓர் அங்குல போல்ட் என்றால் 25.4-இலிருந்து 14.5 போக 10.9 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். ஹவுசிங் காலி. முக்கால் அங்குல போல்ட் என்றால் 19-இலிருந்து 14.5 போக நாலரை மி.மீ. மூன்று சுற்றுக்கு மேல் பிடிக்கும், போதும். வாஷர் போட மறந்த நாளில் அது 6 மி.மீ. ஆகும், அப்போதும் முட்டாது. இந்தக் கணக்கை நீங்களும் போட்டு, பலகையின் அடியிலேயே அழியாத மையில் எழுதி வையுங்கள்.

விரலால் இறுக்கியது போதும். ஸ்பானரைத் தொடாதீர்கள். கேமரா சுழலாமல் இருக்க, பஞ்சர் ஒட்டும் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஹவுசிங்குக்கும் பலகைக்கும் நடுவில் வையுங்கள். அதோடு ஹவுசிங்கின் பின்புறத்தை ஒட்டி இரண்டு சின்ன நைலான் போல்ட்டுகளைப் பலகையில் நிற்க வைத்தால் கேமரா எந்தப் பக்கமும் திரும்பாது.

போல்ட் துருப்பிடிக்காதா?

எவர்சில்வர் என்று கொடுக்கப்படுவதெல்லாம் கடலுக்கு ஆகாது. பாத்திரத்துக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் பயன்படும் மலிவு வகைகள் ஒரு வாரப் பயணத்திலேயே பழுப்புக் கண்ணீர் விடும். போல்ட்டின் தலையைப் பாருங்கள். ஏ2 என்று பொறித்திருந்தால் அது 304 வகை. ஏ4 என்றால் 316 வகை. 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது. கடைக்காரர் செய்து காட்டினாலும் நம்ப வேண்டாம்.

பலகை பிளாஸ்டிக் என்றால் இத்தோடு கவலை முடிந்தது. அலுமினியம் என்றால் வேறு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீரில் எவர்சில்வரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அரிக்கப்படுவது எப்போதும் அலுமினியம்தான். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். ஒருநாள் போல்ட் கழலவே கழலாது. இரண்டுக்கும் இடையில் நைலான் வாஷர், மரையில் கடலுக்கு ஏற்ற கிரீஸ், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றிக் கழுவுதல். இந்த மூன்றையும் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

கைப்பிடிக்கு என்ன பயன்படுத்தலாம்?

25 மி.மீ. பி.வி.சி. தண்ணீர்க் குழாய். 13 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, இரு முனைகளிலும் மூடி போடுங்கள். நடுவில் கால் அங்குல மரைக் கம்பி ஒன்றை மேலிருந்து கீழ் வரை விட்டு, அடியில் பலகையோடு நட் போட்டு இறுக்குங்கள். கம்பியின் மேல்முனையில் விளக்குக்கான பந்து மூட்டு உட்காரும். கையில் பிடிக்கும் பகுதிக்கு மோட்டார் சைக்கிள் கிரிப். கடையில் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள்; ஆனால் இடது கிரிப் 22 மி.மீ. கம்பிக்கானது, குழாயில் ஏறாது. ஆக்சிலரேட்டர் பக்கத்துக் கிரிப்பின் உள்விட்டம் பெரிது. அதுதான் இந்தக் குழாய்க்கு நெருங்கிப் பொருந்தும். எனவே இரண்டு ஜோடி வாங்கி இரண்டு வலது கிரிப்பைப் பயன்படுத்தினேன். மீந்த இரண்டும் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினால் ஏறிவிடும்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். குழாயில் மேலும் கீழும் துளை போட வேண்டும். துளை இல்லாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகுந்து, டைவ் நடுவில் எடை மாறிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு துளை மட்டும் போட்டாலும் காற்று முழுக்க வெளியேறாது. இரண்டு முனையிலும் 5 மி.மீ. துளை இரண்டிரண்டு இருந்தால், தண்ணீரில் இறக்கியதும் குமிழி விட்டு நிரம்பிவிடும், கரையேறியதும் வடிந்துவிடும்.

விளக்கை எதில் மாட்டுவது?

இதில் மட்டும் முழுக்க வீட்டுத் தயாரிப்பு வேண்டாம் என்பேன். ஓர் அங்குலப் பந்து மூட்டும் அதைக் கவ்வும் கிளாம்ப்பும் எங்கும் ஒரே அளவில் கிடைப்பவை. யாருடைய விளக்குக்கும் பொருந்தும். கால் அங்குல மரையுள்ள பந்தாக வாங்குங்கள். லேத் பட்டறைகளில் வெட்டும் இடத்துக்கு எண்ணெய்த் தண்ணீர் ஊற்ற, முட்டி முட்டியாக வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம் எந்த மெஷின் உதிரிபாகக் கடையிலும் கேட்கலாம். அதையே விளக்கைத் தாங்கும் கையாகப் பயன்படுத்துபவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். சின்ன டார்ச்சுக்கு அது பரவாயில்லை. அரை அங்குலக் குழாயில் கனமான வீடியோ லைட்டை வைத்தால் படகில் தலை தொங்கிவிடும்; முக்கால் அங்குலம் வேண்டும்.

மாட்டிய பிறகு, விளக்கின் முகம் லென்ஸைவிடச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு விளக்குகளையும் மீனை நேராகப் பார்க்க வைக்காதீர்கள். கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். வெளிச்ச வட்டத்தின் ஓரங்கள் மட்டும் மீன்மேல் விழட்டும். மழைக்காலம் முடிந்து ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிய நாட்களில் புதுச்சேரிப் பக்கம் இறங்கிப் பாருங்கள். இந்த ஒரு திருப்பம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது தெரியும்.

தண்ணீருக்குள் எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

கரையில் எடை எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை. தண்ணீருக்குள் கையை விட்டால் மெதுவாக மூழ்க வேண்டும். 50 முதல் 100 கிராம் வரை இருந்தால் எனக்குப் பிடிக்கும். மிதக்கும் கேமராவை நான் விரும்புவதில்லை. கைதவறினால் மேலே போய்விடும். அதைப் பிடிக்க நாமும் அவசரமாக மேலே போவோம். அந்த ஆபத்துக்கு எந்தப் படமும் ஈடாகாது.

30×5 செ.மீ. அலுமினியப் பட்டை 6 மி.மீ. கனத்தில் 90 கன செ.மீ.; எடை 243 கிராம். கடல் நீர் அதில் 92 கிராமைத் தாங்கிக்கொள்ளும். மீதி 151 கிராம் உங்கள் கைக்கு. அதே அளவில் 12 மி.மீ. எச்.டி.பி.இ. பலகை 171 கிராம். தண்ணீர் தாங்குவது 184 கிராமுக்கு மேல். ஆக பலகை தானே லேசாக மிதக்கும், விளக்கின் எடையிலும் கொஞ்சம் குறைக்கும். காய் நறுக்கும் பலகையை நான் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை போடும் முறை எளிது. ஒரு 50 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஒன்றேமுக்கால் கிலோ கல் உப்பைக் கரையுங்கள். கேமரா, விளக்கு எல்லாம் மாட்டிய ட்ரேயைத் தொங்கு தராசில் மாட்டி, முழுக்க மூழ்கும்படி இறக்கிப் படியுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். உப்புப் போடாமல் பார்த்தால் கணக்குத் தவறும். என் கேமராவும் விளக்கும் ட்ரேயும் சேர்ந்து விலக்கும் தண்ணீர் ஏறத்தாழ 1.6 லிட்டர், நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் 40 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது.

எனக்கு முதலில் 380 கிராம் காட்டியது. மிதவை தேவைப்பட்டது. நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் ஸ்பாஞ்சு உருளையை வெட்டிக் கட்டலாம் என்று பலர் சொல்வார்கள். மேலே நன்றாக மிதக்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு. அதற்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். எப்போது மிதவை தேவையோ அப்போது அது வேலை செய்யாது. சுருங்காத மிதவைதான் வேண்டும். 40 மி.மீ. பி.வி.சி. குழாயில், கனமான சுவருள்ளதாகப் பார்த்து, 10 செ.மீ. துண்டு அறுத்து இரு பக்கமும் மூடியைப் பசையிட்டு அடைத்தால் ஒன்று சுமார் 70 கிராம் தூக்கும். நான்கு செய்து விளக்கின் கைகளில் கேபிள் டையால் கட்டினேன். 380 கிராம் 100 ஆனது. குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கானது. வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. எனவே முதலில் கயிறு கட்டித் தனியே இறக்கிச் சோதியுங்கள். பசை காய ஒரு முழு நாள் விடுங்கள். மேலே வந்ததும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். கசிந்த மிதவைக்குள் அழுத்தமான காற்று அடைபட்டிருக்கலாம். அதை முகத்துக்கு அருகில் வைத்துத் திறக்காதீர்கள்.

செய்து முடித்ததும் நேரே கடலுக்கு எடுத்துப் போகலாமா?

கேமரா இல்லாமல் போகலாம். கேமராவின் இடத்தில் அதே எடையுள்ள ஏதாவது ஒன்றைக் கட்டி முதல் டைவ் செய்யுங்கள். அதற்கும் முன்னால், ஊரில் ஆழமான கிணறு இருந்தால் அதைவிட நல்ல சோதனைக்கூடம் இல்லை. கயிற்றில் கட்டி இறக்கி, அரை மணி நேரம் விட்டு, இழுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் நான் இப்படிச் செய்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, வாளி விழுந்துவிட்டதா, பாதாளக் கொலுசு எடுத்து வரவா என்று கேட்டார். கரையில் ஒரு சோதனையும் உண்டு: ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து முழு ட்ரேயையும் தூக்கி லேசாக உதறுங்கள். படகில் யாராவது ஒருவர் நிச்சயம் அப்படித்தான் தூக்குவார்.

கேமராவை உடலோடு கட்டிக்கொள்ளலாமா?

சுருள் கயிறும் எளிதில் திறக்கும் கொக்கியும் போதும். ஒரு கையால், பார்க்காமலே கழற்ற முடிய வேண்டும். மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கயிற்றைக் கட்டி வைத்தால் படகில் ஏற்றி இறக்க வசதி.

புதிதாக ஸ்கூபா கற்றவர் ட்ரேயோடு இறங்கலாமா?

முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஓரிடத்தில் மேலேயும் கீழேயும் போகாமல் ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கேமரா காத்திருக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காற்று மீட்டரைப் பார்ப்பதில்லை, கூட்டாளியையும் பார்ப்பதில்லை. இரண்டு கையிலும் ட்ரே இருந்தால் முழங்காலும் காலில் மாட்டிய ஃபின்னும்தான் பவளத்தில் ஊன்றும். நம் நாட்டில் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ட்ரேயின் மூலைகளை நன்றாக உருட்டிவிடுவதும் இதற்காகத்தான். உங்கள் தொடைக்கும் நல்லது.

டைவ் முடிந்ததும் எப்படிப் பராமரிப்பது?

நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பிறகு ஹவுசிங்கைக் கழற்றுங்கள். மேலே ஊற்றிக் கழுவினால் மரைக்குள் இருக்கும் உப்பு போகாது. படகில் எல்லோரும் பயன்படுத்தும் தொட்டியில் கேமராவைப் போட்டுவிட்டு நகர வேண்டாம். மேலே இன்னொருவர் தன் கனமான கேமராவை இறக்குவார். பயணம் முடிந்த அன்றே எல்லா போல்ட்டையும் கழற்றிக் காய வையுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட போல்ட்டுகளை நான் பிறகு அறுத்துத்தான் எடுத்திருக்கிறேன்.

விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

ட்ரேயும் கைகளும் செக்-இன் பெட்டியில். விளக்கின் உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். மிதவைகளுக்கு ஒன்றும் ஆகாது.

அலுமினியத்துக்கு எப்போது மாறலாம்?

பலகையில் புதுத் துளை போடுவதை நிறுத்திய பிறகு. என் பலகையில் 13 துளைகள் இருக்கின்றன. கைப்பிடியை முதலில் அகலமாக வைத்தேன், பிறகு நெருக்கினேன், இடது பக்கத்தை மட்டும் மறுபடி தள்ளினேன். கேமராவைச் சற்று முன்னால் நகர்த்தினேன். அந்தமானில் ஒரு பயணம் முழுக்க எதையும் மாற்றாமல் திரும்பியபோதுதான் அளவு படிந்துவிட்டது என்று தெரிந்தது. பயனில் இருந்தவை ஐந்தே துளைகள்: கேமராவுக்கு ஒன்று, கைப்பிடிகளுக்கு இரண்டு, கேமரா சுழலாமல் தடுக்கும் நைலான் போல்ட்டுகளுக்கு இரண்டு. பலகையை அப்படியே அலுமினியப் பட்டையின்மேல் வைத்துக் குறித்துத் துளையிட்டுத் தரும்படி லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் பட்டறைக்காரர் தொலைபேசியில் அழைத்து, “மீதி எட்டு ஓட்டையும் போட்டுவிடவா, சார்?” என்று கேட்டார்.